நிலக்கரிச் சுரங்க விபத்துக்கள்: புத்தூரிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

புத்தூரின் மண்ணுக்கடியில் நிலக்கரி இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. செம்மண் படையை நீக்கினாற் கல். கல்லைப் பிளந்தால் நீர். புத்தூரை அடுத்துள்ள நிலாவரைக் கேணி, மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீருமாக, அக்கல்லின் இயல்புக்கு யாவரும் அறிந்த சான்றாக விளங்குகின்றது. இந்தியாவின் பெரும் நிலக்கரிப் படிவுகளோ கொண்டுவானாத் தொகுதிப் பாறைகளைச் சார்ந்தவை. குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் அவற்றினும் மிக இளையது.

எனினும் நிலக்கரி நம்மவர் வாழ்வுக்கு அந்நியமானதன்று. 1905 ஆம் ஆண்டிற் காங்கேசன்துறையை எட்டிய புகையிரதம் கடல்கடந்து வந்த கரியை எரித்தே ஓடிற்று. அவ்வாறு இலங்கைக்கு வந்த கரியில் வங்கச் சுரங்கங்களின் கரியும் இருந்தது. 2011 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையம் இறக்குமதி செய்யப்படும் நிலக்கரியையே எரிக்கின்றது. நாடு முழுவதற்குமான மின்வலையமைப்பின் வழியே அந்த மின்சாரத்தின் ஒரு பங்கு புத்தூர் வீடுகளின் விளக்குகளிலும் எரிகின்றது. ஆகவே, கரியை வெட்டியெடுத்தோர் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு மாண்டனர் என்னும் வினா நமக்குப் புறம்பான வினா அன்று.

சுரங்கச் சாவுகளை 'விபத்து' என்னும் சொல்லாற் குறிப்பது வழக்கம். எதிர்பாராது நேர்ந்தது, எவராலும் தடுக்கவியலாதது என்ற பொருள் அச்சொல்லிற் கலந்து நிற்கின்றது. வரலாற்றுச் சான்றுகளை நோக்குமிடத்து, பெரும் அழிவுகள் பலவற்றில் ஆபத்து முன்கூட்டியே அறியப்பட்டிருந்தமை புலனாகின்றது. அறிவு இருந்தது, வேலையை நிறுத்தும் அதிகாரம் நிலத்தடியில் இறங்கியவனிடம் இருக்கவில்லை. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆபத்தின் வகைகள்

கிணறு தோண்டுவோர் காற்றோட்டமற்ற ஆழத்திற்கு இறங்குமுன் விளக்கொன்றைக் கயிற்றிற் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். சுடர் அணையுமாயின் கீழே ஒட்சிசன் போதாது என்பது பொருள்; அப்போது எவரும் இறங்குவதில்லை. இவ்வழக்கில் இரு கூறுகள் உள்ளன. ஒன்று, ஆபத்தை அறியும் வழி. மற்றொன்று, அறிந்தபின் இறங்காதிருக்கும் உரிமை. நிலக்கரிச் சுரங்கத்தின் வரலாறு இவ்விரண்டும் பிரிக்கப்பட்ட வரலாறு எனலாம்.

நிலக்கரிச் சுரங்கத்தில் ஆபத்துக்கள் பலவாறாக அமைகின்றன. கரிப்படையில் அடைபட்டிருக்கும் மெதேன் வாயு, காற்றில் நூற்றுக்கு ஐந்து முதற் பதினைந்து பங்குவரை கலக்கும்போது ஒரு தீப்பொறியில் வெடிக்கும். அவ்வெடிப்புக் கரித்தூசியைக் கிளப்பினால் தூசியே தொடர்ந்து வெடித்துப் பல மைல் நீளமான வழிகளையும் எரித்துச் செல்லும். எரிந்தபின் எஞ்சும் காபனோரொட்சைட்டு, தீயிலிருந்து தப்பியோரையும் கொல்லும். கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களில் தேங்கிய நீர், இடைச்சுவரை உடைத்துப் புகும். இவை செய்தித்தாள்களில் இடம்பெறும் அழிவுகள். கூரைக்கல் சரிந்து ஒருவர், இருவராக மாண்டோர் தொகையோ பல நாடுகளில் வெடிப்புக்களில் மாண்டோர் தொகையினும் கூடியது. ஆண்டுக்கணக்கிற் கரித்தூசியைச் சுவாசித்து நுரையீரல் இறுகி இறந்தோர் பெரும்பாலும் எக்கணக்கிலும் சேர்க்கப்படவில்லை.

இங்கிலாந்தின் பெல்லிங் சுரங்கத்தில் 1812 இல் நிகழ்ந்த வெடிப்பில் 92 பேர் மாண்டனர். இத்தகைய அழிவுகளின் விளைவாக 1815 இல் ஹம்பிரி டேவி தமது காப்பு விளக்கை ஆக்கினார். கம்பி வலையாற் சூழப்பட்ட அச்சுடர் வாயுவைப் பற்றவைக்காது. சுடரின் நிறமும் நீளமும் மாறுவதைக் கொண்டு மெதேன் இருப்பதையும் அறியலாம். ஆயின் அதன்பின் சாவுகள் எதிர்பார்த்தவாறு குறையவில்லை. முன்னர் வாயு மிகுதியாற் கைவிடப்பட்ட ஆழமான படைகளையும் வெட்டலாம் என்ற துணிவை அவ்விளக்குச் சுரங்க உடைமையாளருக்கு அளித்தது. உயிர் காக்கவென ஆக்கப்பட்ட கருவி உற்பத்தியைப் பெருக்கும் கருவியாயிற்று.

எச்சரிக்கையும் கட்டளையும்

1862 இல் இங்கிலாந்தின் ஹாட்லி சுரங்கத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தின் பாரிய இரும்பு விட்டம் முறிந்து வீழ்ந்து, அச்சுரங்கத்தின் ஒரேயொரு வாயிலை அடைத்தது. வெளியேற வேறு வழியின்றி 204 பேர் மாண்டனர். இரண்டாவது வாயில் வேண்டுமென்பது அதற்கு முன்னரும் வற்புறுத்தப்பட்டதே. அவ்வாண்டிலேயே இரு வாயில்களைக் கட்டாயமாக்கும் சட்டம் நிறைவேறியது. சுரங்கச் சட்டங்களிற் பல இவ்வாறு பிணங்களின் பின்னே வந்தவை.

பிரான்சு நாட்டின் கூரியேர் சுரங்கத்தில் 1906 மார்ச் 10 ஆம் நாள் கரித்தூசி வெடித்து 1,099 பேர் மாண்டனர். ஐரோப்பியச் சுரங்க அழிவுகளுள் இதுவே மிகப் பெரியது. பிரான்சில் 1890 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளர் தமக்குள் ஒருவரைப் பாதுகாப்புப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தனர். கூரியேரில் அப்பதவியில் இருந்தவர் பியேர் சிமோன். வெடிப்புக்குச் சில நாட்களுக்கு முன் சுரங்கத்தின் ஒரு பகுதியில் தீ பற்றியிருந்தது. தீ அணையும்வரை ஆட்களை இறக்கலாகாது என அவர் வேண்டினார். நிருவாகம் அதனை ஏற்கவில்லை. அவர் பார்க்கலாம், எழுதலாம், வேண்டலாம், நிறுத்தல் இயலாது. வெடிப்பு நிகழ்ந்து 20 நாட்களின் பின், மீட்புப்பணி கைவிடப்பட்டிருந்த நிலையில், 13 பேர் தாமாகவே வழிதேடி உயிருடன் வெளிவந்தனர். தேடுதல் தொடர்ந்திருப்பின் இன்னும் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்ற வினா தொழிலாளரைக் கொதிப்படையச் செய்தது. பெரும் வேலைநிறுத்தங்கள் எழுந்தன.

தென் வேல்சின் செங்கனித் சுரங்கம் மற்றொரு சான்று. 1901 இல் அங்கு நிகழ்ந்த வெடிப்பில் 81 பேர் மாண்டனர். 1913 ஒக்டோபர் 14 இல் அதே சுரங்கத்தில் மீண்டும் வெடிப்பு நிகழ்ந்து 439 தொழிலாளரும் மீட்புப்பணியாளர் ஒருவரும் மாண்டனர். காற்றோட்ட விசிறியைத் தேவைப்படின் எதிர்த்திசையில் இயக்கக்கூடியதாக மாற்றவேண்டும் என 1911 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அம்மாற்றம் அங்கு நிறைவேற்றப்படவில்லை. வழக்கின் முடிவில் முகாமையாளருக்கு 24 பவுணும் கம்பனிக்கு 10 பவுணும் குற்றப்பணமாக விதிக்கப்பட்டன. தொழிலாளியின் உயிருக்கு அக்காலச் சமூகம் இட்ட விலை இதனாற் புலப்படும்.

இந்தியச் சுரங்கங்கள்

இந்தியாவில் இராணிகஞ்சுப் பகுதியில் 1774 இலேயே நிலக்கரி அகழ்வு தொடங்கிற்று. புகையிரதப் பாதைகள் பரவியபின் அது பெருகிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜரியாவுக்கும் விரிந்தது. குடியேற்ற நாட்டாட்சியின் முதலாவது சுரங்கச் சட்டம் 1901 இல் வந்தது. கணவனும் மனைவியும் ஒன்றாகவே நிலத்தடியில் உழைத்த காலம் அது: ஆண் வெட்டுவான், பெண் சுமப்பாள். பெண்களை நிலத்தடி வேலையிலிருந்து படிப்படியாக விலக்கும் விதிகள் 1929 இல் ஆக்கப்பட்டு, 1937 இல் விலக்கல் முழுமையாயிற்று. இரண்டாம் உலகப்போரிற் கரி போதாதபோது, 1943 இல் அத்தடை நீக்கப்பட்டுப் பெண்கள் மீண்டும் இறக்கப்பட்டனர். 1946 இலேயே தடை திரும்பிற்று. பாதுகாப்பென்று சட்டத்தில் எழுதப்பட்டது, உற்பத்தியின் தேவை முன்னே எவ்வளவு எளிதில் நெகிழ்ந்தது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

சுதந்திரத்தின் பின் 1952 இற் புதிய சுரங்கச் சட்டம் வந்தது. ஆயினும் 1958 இற் சினாகுரியில் ஏறத்தாழ 175 பேரும், 1965 இல் தோரியில் 268 பேரும் வெடிப்புக்களில் மாண்டனர். இலாபத்தையே நோக்கிய தனியார் உடைமையே இவற்றுக்குக் காரணம் என்ற குரல் வலுத்தது. 1971 முதல் 1973 வரையில் நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமையாக்கப்பட்டதற்குக் கூறப்பட்ட நியாயங்களுள் தொழிலாளர் பாதுகாப்பும் ஒன்று.

இந்நிலையிலேயே தன்பாத் நகருக்கு அண்மையிலுள்ள சாஸ்நாலாவின் நிகழ்வை நோக்கவேண்டும். அங்கிருந்த சுரங்கம் உருக்குக் கம்பனி ஒன்றுக்குரியது. அக்கம்பனியின் நிருவாகத்தை அரசு 1972 இல் ஏற்றிருந்தது. 1975 டிசெம்பர் 27 ஆம் நாள் பழைய அகழ்விடமொன்றில் தேங்கியிருந்த நீர் இடைத்தடுப்பை உடைத்துப் புகுந்தது. 375 பேர் மாண்டனர். மேலே நீர் நிற்பது மறைபொருளன்று. நீருக்கும் வேலைத்தளத்துக்கும் இடையே எவ்வளவு தடிப்பான கரிச்சுவரை விடவேண்டும் என்பதும் பொறியியலுக்குத் தெரியாததன்று. பொறுப்பாளர் இருவர் குற்றவாளிகளென நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2012 இலேயாகும். முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன; தண்டனை ஓராண்டுச் சிறையும் சிறு தொகைக் குற்றப்பணமுமே. செங்கனித்தின் 24 பவுணுக்கும் இதற்கும் இடையிலான தூரம் பெரிதன்று.

இதிலிருந்து முற்போக்காளர் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. அரசுடைமை அவசியமான படியே. ஆயின் அதுமட்டும் போதியதன்று. உடைமை மாறியபின்னும், இத்தனை தொன் கரி வேண்டும் என்னும் கட்டளை மேலிருந்தே வந்தது. நிறுத்து என்று சொல்லும் உரிமை கீழே செல்லவில்லை. 2001 இற் பக்திகி சுரங்கத்தில், அருகிருந்த கைவிடப்பட்ட சுரங்கத்தின் நீர் புகுந்து 29 பேர் மாண்டமையும் இதனையே காட்டும். மேகாலயாவில் எலிவளை போன்ற குழிகளில் நிகழ்ந்த அகழ்வைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 இல் தடைசெய்தது. 2018 டிசெம்பரில் அத்தகைய குழியொன்றில் வெள்ளம் புகுந்து 15 பேர் அகப்பட்டனர். தடையிருந்தும், வேறு பிழைப்பற்றவன் இறங்கினான்.

தமிழரும் இலங்கையும்

தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராக நிலத்தடியில் உழைத்த இடம் கோலார் தங்கவயல். 1880 முதல் யோன் டெய்லர் கம்பனியின் கீழ் வளர்ந்த அச்சுரங்கங்களில், வட ஆர்க்காட்டிலிருந்தும் அயல் மாவட்டங்களிலிருந்தும் சென்றோர், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், வேலைசெய்தனர். அவை பொற்சுரங்கங்கள், ஆதலின் மெதேன் வெடிப்பு அங்கு முதன்மையான ஆபத்தன்று. ஆழம் மூன்று கிலோமீற்றரையும் கடந்தபோது மேலுள்ள நிலத்தின் அழுத்தம் தாங்காது பாறையே வெடித்துச் சிதறி ஆட்களைக் கொன்றது. எஞ்சியோரைப் பாறைத்தூசி கொன்றது. 1940 களில் அங்கு 7,000 இற்கு மேற்பட்டோரைப் பரிசோதித்தபோது ஐவரில் இருவருக்கு மேற்பட்டோர் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு ஆளாகியிருந்தமை தெரியவந்தது. அச்சுரங்கங்கள் 2001 இல் மூடப்பட்டன. நோய் தொழிலாளருடன் வீடு சென்றது.

இலங்கையின் நிலத்தடிச் சுரங்கங்களுட் குறிப்பிடத்தக்கவை காரீயச் சுரங்கங்கள். போகலை, ககட்டகஹ ஆகிய இடங்களின் செல்வத்திலிருந்து எழுந்த குடும்பங்கள் நாட்டின் அரசியலிலும் தலைமை பெற்றன, பிரதமர்களான டி. எஸ். சேனாநாயக்கா, சேர் யோன் கொத்தலாவல ஆகியோரின் குடும்பங்கள் அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. வழுக்கும் ஏணிகளில் இறங்கி வெட்டியோரின் பெயர்களோ வரலாற்றில் இல்லை. 1934 ஆம் ஆண்டு வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், பெண்களை நிலத்தடி வேலையிலிருந்து விலக்கிய 1937 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் இந்நாட்டில் முக்கியமான படிகளாகும்.

ஆயின் நட்டஈடு சாவின்பின் வருவது. அதுவும் முதலாளி இன்னார், தொழிலாளி இன்னார் என ஏட்டிற் பதிந்துள்ள இடத்திலேயே எளிதிற் கிட்டும். புத்தூரிற் கிணறு வெட்டவும் கல்லுடைக்கவும் நாட்கூலிக்கு அழைக்கப்படுபவனுக்கு அத்தகைய ஏடு இல்லை. அவனது தொழிலிலும் வெடிமருந்து உண்டு. சரியும் கல் உண்டு. கிணற்றுக்குள் இறக்கி இயக்கும் எண்ணெய் இயந்திரம் கக்கும் நச்சுப்புகை உண்டு. அப்புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, கூரியேரில் மனிதரைக் கொன்ற அதே வாயுவாகும்.

முடிவாக

2014 இல் துருக்கியின் சோமா சுரங்கத்தில் 301 பேர் மாண்டபோது, அந்நாட்டுப் பிரதமர் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் விபத்துக்களை எடுத்துக்காட்டி, இவை இத்தொழிலின் இயல்பிலேயே உள்ளவை என்றார். வரலாற்றை அவ்வாறும் பயன்படுத்தலாம்: சாவு என்றும் இருந்தது, ஆகவே இன்றும் இருக்கும் என்பதற்கு. நாம் அதே வரலாற்றிலிருந்து வேறொன்றைக் காண்கின்றோம். இரண்டாவது வாயில், மாற்றக்கூடிய விசிறி, தக்க தடிப்புள்ள கரிச்சுவர் ஆகிய ஒவ்வொன்றும் அழிவுக்கு முன்னரே அறியப்பட்டவை. செலவையும் தாமதத்தையும் எண்ணியே தவிர்க்கப்பட்டவை.

சர்வதேசத் தொழில் நிறுவனம் 1995 இல் ஆக்கிய 176 ஆம் இலக்கச் சமவாயம், உயிராபத்து உண்டென்று நியாயமாகக் கருதும் இடத்திலிருந்து விலகிச் செல்லும் உரிமையைச் சுரங்கத் தொழிலாளருக்கு ஏற்றுக்கொள்கின்றது. பியேர் சிமோன் வேண்டியும் பெறாத அதிகாரம், ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளின் பின், ஏட்டளவிலேனும் இடம்பெற்றது. அதனை நடைமுறையாக்குவது பலமான தொழிற்சங்கமும், விலகியவனின் கூலியையும் வேலையையும் காக்கும் சட்டமும் ஆகும். அவை இல்லாதவிடத்துப் பசி அவனை மீண்டும் இறக்கிவிடும். கூலிக்குக் கிணற்றில் இறங்குபவனுக்கும் இவ்வுரிமை எட்டும்போதே, பாதுகாப்பு என்னும் சொல் நம்மூரிலும் பொருளுடையதாகும்.