அயல்நாட்டில் ஜனநாயகத்தை நிறுவுதல்: அதன் எல்லைகள்

ஒரு நாடு தன் படைபலத்தாலோ, பொருளுதவியாலோ, உடன்படிக்கையாலோ மற்றொரு நாட்டில் மக்களாட்சி முறையை நிறுவவும் காக்கவும் முற்படும்போது, அம்முயற்சி எதுவரை செல்லும், எங்கே தடைப்பட்டு நிற்கும் என்னும் வினா அரசியல் சாஸ்திரத்தில் பழைமையானது. ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட் 1795-இல் நிரந்தர சமாதானத்தைப் பற்றி எழுதிய நூலில், எந்த அரசும் பிறிதோர் அரசின் அமைப்பிலும் ஆட்சியிலும் பலாத்காரமாகத் தலையிடலாகாது என்பதைப் பூர்வாங்க விதிகளுள் ஒன்றாக வகுத்தார். தம் முயற்சியால் சுதந்திரம் பெறாத ஜனசமூகம் அந்நியர் பெற்றுத்தந்த சுதந்திரத்தை நெடுநாள் காத்துக்கொள்வது அரிது என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் வாதித்தார். இவ்விருவரும் ஏட்டில் ஆராய்ந்ததைத் தமிழ் மக்கள் தம் கடலின் இரு கரைகளிலும் கண்டிருக்கிறார்கள்; ஏனெனில் 1987 முதல் 1990 வரை இந்தியா இலங்கையில் செய்த முயற்சி, பாரத நாடு தன் படையை அனுப்பி அயல்நாட்டில் ஒரு பிரதிநிதித்துவ ஸ்தாபனத்தை நாட்ட முனைந்த முயற்சியாகும்.

அம்முயற்சியின் வேர் மொழிப் பிரச்சினையில் இருந்தது. மொழிப் பிரச்சினை இக்கரையிலும் இருந்தது. ஆனால் அதன் போக்கு வேறு. இந்தியே மத்திய அரசின் தனி ஆட்சிமொழியாகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்த காலத்தில், அரியலூரை அடுத்த கீழப்பழுவூரைச் சேர்ந்த சின்னசாமி என்னும் இளைஞர் 1964 ஜனவரி 25 அன்று திருச்சிராப்பள்ளியில் தீக்குளித்து உயிர்நீத்தார். அடுத்த ஆண்டு மாணவர் கிளர்ச்சி மாநிலமெங்கும் பரவியது. துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். அத்துயரம் அவ்வளவோடு முடிந்திருந்தால் அது வெறும் துயரமாகவே எஞ்சியிருக்கும். 1967 தேர்தலில் அக்கோபம் வாக்குச்சீட்டாக மாறியது. ஆண்டுகொண்டிருந்த காங்கிரஸ் தோல்வியை ஏற்று விலகியது. மார்ச் மாதத்தில் அண்ணாதுரை முதலமைச்சரானார். அவ்வாண்டின் இறுதியில், இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலமும் தொடரும் என்பதற்கு நாடாளுமன்றம் சட்டப் பாதுகாப்பு அளித்தது. இதற்கு எந்த அந்நிய நாட்டின் தூதரும் வேண்டியிருக்கவில்லை. கீழப்பழுவூரின் குரல் டெல்லிக்கு எட்டுவதற்கு உள்நாட்டிலேயே ஒரு பாதை இருந்தது. அப்பாதையும் உயிர்ப்பலி கொண்ட பின்னரே திறந்தது என்பதை மறைப்பது நியாயமன்று.

அக்கரையில் வாக்குரிமைக்குப் பஞ்சமில்லை. டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1931-இலேயே ஆண் பெண் இருபாலாருக்கும் சர்வஜன வாக்குரிமை கிடைத்தது. உள்ளூர்த் தலைவர்கள் பலர் அதனைக் கேட்டிலர், சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்றோர் எதிர்க்கவும் செய்தனர். ஆகவே அந்நியர் கொணர்ந்த தேர்தல் முறை ஒரு மண்ணில் வேரூன்றாது என்று பொதுப்படக் கூறிவிட முடியாது; இலங்கையில் அது வேரூன்றத்தான் செய்தது. ஆயினும் பெரும்பான்மையின் கை சிறுபான்மையின் மேல் விழாதபடி தடுக்கும் காப்பு அதனோடு வேரூன்றவில்லை. 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1956-இல் சிங்களமே ஆட்சிமொழி என்னும் சட்டம், முறைப்படி நடந்த தேர்தலில் வென்ற அரசாலேயே இயற்றப்பட்டது. பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் 1957-இல் செய்துகொண்ட ஒப்பந்தம் மறு ஆண்டே பிக்குகளின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 1977-இல் தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்த தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்று பிரதான எதிர்க்கட்சியாக அமர்ந்தது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் தமிழர் படுகொலைகள் நிகழ்ந்தன. அதனையடுத்து, தனிநாட்டுக் கோரிக்கையைத் தடைசெய்து வந்த அரசியலமைப்பின் ஆறாம் திருத்தத்தால் கூட்டணியினர் நாடாளுமன்ற ஆசனங்களையும் இழந்தனர். வாக்குப்பெட்டி இருந்தும் அதன் வழி நியாயம் கிடைக்காதென்று ஒரு தலைமுறை முடிவுகட்டிய பின்னரே ஆயுதம் மேலோங்கியது.

இந்நிலையில் 1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தனர். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாக இணையும். கிழக்கு மக்களின் கருத்து பின்னர் வாக்கெடுப்பால் அறியப்படும். மாகாண சபைகள் அமையும். போராளிகள் ஆயுதங்களை ஒப்படைப்பர். இவற்றுக்கு இந்திய அமைதிப்படை துணைநிற்கும் என்பன அதன் சாரம். நோக்கத்தில் குறை காண்பது கடினம். குறை, கையெழுத்திட்டோரின் வரிசையில் இருந்தது: எந்த மக்களின் வாழ்வு இதனால் அமைய வேண்டியிருந்ததோ, அம்மக்களின் சார்பில் எவரும் அதில் கையொப்பமிடவில்லை. ஆகஸ்ட் 4 அன்று யாழ்ப்பாணத்தை அடுத்த சுதுமலையில் பேசிய விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன், ஒரு வல்லரசின் தீர்மானத்துக்கு எதிரே வேறு வழியின்றி ஆயுதங்களைக் கொடுப்பதாகவே அறிவித்தார். சிங்கள மக்களிடையிலும் ஒப்பந்தம் அந்நியத் திணிப்பாகவே தோன்றியது. ஜூலை 30 அன்று அணிவகுப்பு மரியாதையில் நின்ற கடற்படை வீரன் ஒருவன் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினான். தெற்கில் ஜனதா விமுக்தி பெரமுன என்னும் சிங்கள இயக்கம் மாகாண சபைகளுக்கு எதிராகவே பெருங்கலகம் செய்தது. ஆக, அந்த ஸ்தாபனம் பிறக்குமுன்பே அதனைத் தம்முடையதென்று சொல்லிக் கொள்வோர் இரு திசையிலும் அருகிவிட்டனர்.

செப்டம்பர் 26 அன்று விடுதலைப் புலிகளைச் சேர்ந்த திலீபன் நல்லூரில் உண்ணாநோன்பில் உயிர்நீத்தார். அக்டோபர் 10 முதல், காக்க வந்த படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அம்மாதம் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுடப்பட்டு மாண்டனர். அன்றைக்குப் பிறகு அப்படையின் நிழலில் எழும் எந்த மன்றத்தையும் யாழ்ப்பாணத்தவர் தம் மன்றமென்று கருதுவார்கள் என எதிர்பார்த்தது, மனித சுபாவத்தை அறியாமையே ஆகும். நவம்பரில் மாகாண சபைகளை அமைக்கும் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் நிறைவேறியது. 1988 நவம்பர் 19 அன்று நடைபெற்ற வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில் 71 இடங்களுள் வடக்கின் 36 இடங்களும் போட்டியின்றியே நிரப்பப்பட்டன. கிழக்கில் மட்டுமே வாக்குப்பதிவு நிகழ்ந்தது. திருகோணமலையில் வரதராஜப் பெருமாள் முதலமைச்சராகப் பதவியேற்றார். அவருக்கு நிதியையும் அதிகாரத்தையும் விட்டுக்கொடுக்கக் கொழும்புக்கு மனமில்லை. 1989-இல் புதிய ஜனாதிபதி பிரேமதாசா இந்தியப் படையை வெளியேறச் சொன்னார். அப்படையை எதிர்ப்பதற்காக அவரும் புலிகளும் கைகோத்தனர். மாகாண அரசைத் தாங்குவதற்கென அவசரமாகத் திரட்டிய தமிழ்த் தேசிய இராணுவத்தில் இளைஞர்கள் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டது, அந்த அரசுக்கு இருந்த சொற்ப நல்லெண்ணத்தையும் அழித்தது. 1990 மார்ச் 1 அன்று சபையில் தனிநாட்டுப் பிரகடனம் செய்த முதலமைச்சர் இந்தியாவுக்குச் சென்றார். மார்ச் 24 அன்று கடைசிப் படைப்பிரிவு திருகோணமலையை விட்டுக் கப்பலேறியது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தனர். உயிரிழந்த ஈழத் தமிழ்க் குடிமக்கள் அதனினும் மிகப் பலர். சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பிய படையை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை.

இதற்கு மாறாக, 1945-க்குப் பின் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் வென்றோர் நிறுவிய ஆட்சிமுறை நிலைத்தது என்பர். உண்மை, ஆனால் ஜப்பானில் 1890 முதலே நாடாளுமன்றமும், 1925 முதல் ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமையும் இருந்தன, ஜெர்மனியும் வைமார்க் குடியரசைக் கண்டிருந்தது. அங்கே மீட்கப்பட்டது முன்பு இருந்த ஒன்று. ஆப்கானிஸ்தானிலோ, இந்தியா தன் செலவில் கட்டி 2015 டிசம்பரில் திறந்துவைத்த நாடாளுமன்றக் கட்டடம், 2021 ஆகஸ்டில் தலிபான்கள் காபூலைக் கைப்பற்றியபின் நாடாளுமன்றமின்றி நின்றது. பூட்டானில் 2008-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு இந்தியா மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தந்து உதவியது. அங்கே மாற்றத்தை விரும்பித் தொடங்கியவர் அந்நாட்டு மன்னரே, ஆதலின் உதவி உதவியளவிலேயே நின்று பயன் தந்தது.

இலங்கையில் 1987-இன் விளைவு முழுவதும் அழிந்துவிடவில்லை. தமிழர் பிரதேசங்களுக்கு அதிகாரப் பகிர்வு என்று அரசியலமைப்பில் இன்று எஞ்சியிருப்பது அப்பதின்மூன்றாம் திருத்தமே. கொழும்பு தானாக அதனைத் தந்திருக்கும் என்று நம்ப முந்தைய வரலாறு இடந்தரவில்லை. ஆயினும் கிழக்குக்கென உறுதியளித்த வாக்கெடுப்பு ஒருபோதும் நடைபெறவில்லை. 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் இரு மாகாணங்களின் இணைப்பைச் செல்லாதென்றது. காணி, போலீஸ் அதிகாரங்கள் மாகாணங்களின் கைக்கு வரவில்லை. வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டம்பரில்தான் முதல் தேர்தல் நடந்தது; தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 இடங்களுள் 30-ஐப் பெற, சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். மக்கள் பயமின்றி, போட்டியிருந்த களத்தில், தாமே வாக்களித்து அமைத்த அச்சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. முந்தைய ஆண்டில் தேர்தல் முறையைத் திருத்திய சட்டமும், அதற்கென வகுத்துப் பின் நாடாளுமன்றமே நிராகரித்த தொகுதி எல்லைகளும் தடையாக நிற்க, அதன்பின் மாகாண சபைத் தேர்தல்கள் ஆண்டுக்கணக்கில் நடவாமல், ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்களே மாகாணங்களை நிர்வகித்து வந்தனர்.