மாநகரின் குப்பையும் மக்களின் வாக்கும்

கொழும்பு மாநகர சபையின் வரலாற்றை எழுதுவோர் அதன் மண்டபங்களைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியும் எழுதுவதோடு அமைந்து விடுகின்றனர். எந்த ஆண்டில் எந்த வீதி திறக்கப்பட்டது, எந்தத் தேசாதிபதி வந்து சிறப்பித்தார், எவர் எத்தனை காலம் நகரபிதாவாக வீற்றிருந்தார் என்பன போன்ற செய்திகளே அவ்வரலாறுகளில் நிறைந்து கிடக்கின்றன. நாம் இங்கு வேறொரு வழியாகச் செல்ல விரும்புகின்றோம். நகரம் நாள்தோறும் கழித்து ஒதுக்கும் குப்பையையும் மலத்தையும் சுமந்தவர் யார்? அவை எவருடைய வாசலிற் கொட்டப்பட்டன? அதனைத் தடுப்பதற்கு அம்மக்களின் கையில் என்ன அதிகாரம் இருந்தது? இக்கேள்விகளைத் தொடர்ந்து போவோமாயின், உள்ளூராட்சி என்று நாம் பெருமையோடு குறிப்பிடுவது எவருடைய ஆட்சி என்பது தெளிவாகிவிடும்.

இலங்கையில் மாநகர சபைகளைத் தோற்றுவித்தது 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். அடுத்த ஆண்டிலே கொழும்பிலும் கண்டியிலும் சபைகள் அமைந்தன. கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலம் அது. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1875இல் துறைமுகத்து அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் இடப்பட்டது. மலைநாட்டுச் செல்வமெல்லாம் கொழும்புக்கு இறங்கி வந்து கப்பலேறியது. அச்செல்வத்தை ஏற்றி இறக்கும் கூலிகள் நகரை நிறைத்தனர். இத்தகைய நகருக்கு வீதி வேண்டும், விளக்கு வேண்டும், நீர் வேண்டும். ஆனால் அவற்றின் செலவு அரசாங்கத்தின் பொதுப்பணத்திற் கைவைக்கக் கூடாது. நகரத்தார் தாமே வரி கொடுத்துத் தாமே பார்த்துக்கொள்ளட்டும் என்பதே ஆள்வோரின் கணக்காக இருந்ததென்று நாம் கருதுகின்றோம். அந்தத் ‘தாமே’ என்ற சொல்லிலும் ஒரு சூழ்ச்சி இருந்தது. மேல்மாகாண அரசாங்க அதிபரே தொடக்கத்தில் சபையின் தலைவராக அமர்ந்தார். சபைக்கு வாக்களிக்கும் உரிமையோ சொத்துத் தகுதி உடையவர்க்கே கிடைத்தது.

ஆதனவரியின் இயல்பை இவ்விடத்திற் சிறிது நோக்குதல் வேண்டும். வீட்டின் ஆண்டுப் பெறுமதியைக் கணித்து, அதில் ஒரு வீதத்தை வரியாக அறவிடுவது அதன் முறை. வாழைத்தோட்டத்திலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு முடுக்கிலே இருபது அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டவர் வரியைச் செலுத்துவார். அந்த வரியையும் வாடகையோடு சேர்த்தே அவர் வாங்கிக்கொள்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, உண்மையிலே வரியைச் சுமந்தவர்கள் இருபது அறைகளில் அடைந்து கிடந்த இருபது குடும்பத்தார். சபைப் பதிவேட்டிலே வரிசெலுத்துவோராகவும் வாக்காளராகவும் விளங்கியவர் வீட்டுக்காரர் ஒருவர். வரி செலுத்துவோருக்கே பொறுப்புக் கூறுவோம் என்று பேசும் கனவான்கள் இன்றும் உளர். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்ததென்பதை இதிற் காணலாம்.

சபை ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல நாம் முற்படவில்லை. 1880களில் லபுகம நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டு, நகருக்குக் குழாய்நீர் வந்தது. கிணற்று நீரால் வந்த வாந்திபேதிக்கு அஞ்சி வாழ்ந்த நகரில் அது பெரும் மாற்றமே. ஆயினும், அந்நீர் கறுவாத்தோட்டத்து மாளிகைகளில் அறைக்குள்ளே ஓடியது. முடுக்குகளிலோ தெருக்குழாயடியில் வரிசை நின்று வாளியில் ஏந்த வேண்டியதாயிற்று. 1914இல் பிளேக் நோய் நகருள் நுழைந்தபோது, புறக்கோட்டையையும் செட்டியார் தெருவையும் சூழ்ந்த அரிசிக் கிட்டங்கிகளும் நெருங்கிய குடியிருப்புகளுமே அதற்கு இரையாயின. எலிக்கு மட்டும் வர்க்கபேதம் தெரியாது என்று சொல்வதுண்டு. ஆனால் எலி எங்கே பெருகும் என்பதை நிர்ணயிப்பது வர்க்கபேதமே.

1921இல் பற்றிக் கெடிஸ் என்ற நகரமைப்பு அறிஞர் கொழும்பைப் பற்றித் தம் அறிக்கையைக் கொடுத்தார். பூங்கா நகரம் என்ற கனவு அதனோடு பரவியது. அக்கனவு எத்திசையில் நனவாகியது என்பதற்கு ஒரு கட்டடமே சான்று. பழைய நகர மண்டபம் புறக்கோட்டையில், வண்டிக்காரரும் சில்லறை வியாபாரிகளும் நெருங்கும் சந்தையடியில் இருந்தது. 1928இல் எழுந்த புதிய நகர மண்டபமோ கறுவாத்தோட்டத்திலே, விக்டோரியாப் பூங்காவை நோக்கி வெண்மாடத்தோடு நிற்கின்றது. சபை மக்களிடமிருந்து எழுந்து, தன் வாக்காளரிடம் குடிபெயர்ந்தது போலும்!

இனி, இந்நகரைத் துப்புரவாக்கியவர்களைப் பற்றிப் பேசுவோம். நிலக்கீழ் மலக்குழாய் நகரெங்கும் பரவாத காலத்தில் வாளிக் கக்கூசே வழக்கில் இருந்தது. நகரம் உறங்கி எழுமுன் பின்வாசல் வழியே வந்து, அந்த வாளிகளை எடுத்துத் தள்ளுவண்டியிற் கொண்டுபோனவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஊரிலே சாதி அவர்களுக்கு இட்ட தொழிலையே, கடல் கடந்து வந்த பின்னர் நகரசபைச் சம்பளப் பதிவேடும் அவர்களுக்கு இட்டது. சபை கட்டிக்கொடுத்த லயன் அறைகளிலே தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாழ்ந்தனர். தந்தை வேலையை விட்டால் அறையும் போய்விடும். ஆகவே மகனும் விளக்குமாற்றை ஏந்தினான். சாதியை ஒழிப்பதாகச் சொல்லப்பட்ட நவீன நகரம் சாதியைக் குடியிருப்பு விதியாக மாற்றிக்கொண்ட கதையை நம் ஆசிரியர்கள் வகுப்பிலே சொல்வது அரிது.

இத்தொழிலாளரின் நிலை சுதந்திரத்தோடு சீர்ப்பட்டிருக்க வேண்டும். நடந்ததோ மறுதலை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டமும் இந்திய வம்சாவளித் தமிழரிற் பெரும்பாலோரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. இச்சட்டங்களைப் பற்றிப் பேசும்போது நாம் மலையகத்தையே நினைக்கின்றோம், அது இயல்பே. ஆனால் கொழும்பு வீதிகளைக் கூட்டியவர்களும் அதே வலையில் வீழ்ந்தனர் என்பதை மறந்துவிடுகின்றோம். மாநகர சபைத் தேர்தலுக்கும் அடிப்படையாக நிற்பது அந்த வாக்காளர் இடாப்பே. ஆகவே, மாநகர சபைக்கு உழைத்தவரே அச்சபைக்கு வாக்களிக்க இயலாதவராயினர். 1964இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோரின் பிரச்சினைக்குச் சட்டத்தில் முடிவு காண 2003ஆம் ஆண்டுவரை செல்ல வேண்டியிருந்தது.

இடையிலே சபையின் அமைப்பு மாறிவந்தது. 1937இல் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து தெரிவு செய்யப்பட்ட முதல் நகரபிதாவானார். தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கா 1940இல் அப்பதவிக்கு வந்தார். 1929இல் டிராம் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை நடத்திய அவரே, 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகக் குரலெழுப்பினார் என்பதையும் இடதுசாரி வரலாற்று மாணவர் சேர்த்தே படித்தல் வேண்டும். 1954இல் என். எம். பெரேரா நகரபிதாவானார். தனியார் கையிலிருந்த டிராம் வண்டிகளை மாநகர சபை பொறுப்பேற்றதும், 1953இல் திறொலி பஸ்களை ஓட்டியதும் இந்தக் காலப்பகுதியின் சாதனைகள். அவ்வண்டிகள் 1960களிலே மறைந்துபோயின. இவையெல்லாம் விரிவாக எழுதத் தக்கவையே. நாம் குப்பையின் வழியிலேயே செல்வோம்.

இன்றுவரை நடைமுறையிலுள்ள 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் மூன்று பிரிவுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. 129ஆம் பிரிவு வீதிகளைக் கூட்டுவதையும் குப்பையை அகற்றுவதையும் சபையின் கடமையாக்குகின்றது. அவ்வாறு சேர்த்த குப்பை முழுவதும் சபையின் சொத்து என்று 130ஆம் பிரிவு சொல்கின்றது. அதனை ஒழுங்காக அகற்றுவதற்குத் தக்க இடங்களைச் சபை ஏற்படுத்த வேண்டுமென்பது 131ஆம் பிரிவு. வாசகர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். வீட்டு வாசலில் நாம் எறிவது நம்முடையதன்று. வண்டியில் ஏறியவுடன் அது சபையின் ஆதனம்.

அந்த ஆதனம் நெடுங்காலம் வடகொழும்பின் புளூமெண்டல் பகுதியிலே குவிந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் நகர எல்லைக்குள் இருந்தவர்கள். அவர்களிற் பலருக்கு வாக்கும் இருந்தது. ஆயினும், மலைபோற் குவிந்த குப்பையை அந்த வாக்கு அசைக்கவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி வந்தது, குப்பை நின்றது. வாக்கு மட்டும் இருந்தாற் போதும் என்று நாம் சொல்ல வரவில்லை என்பதற்கு இதுவே காரணம். இறுதியில் விவகாரம் நீதிமன்றம்வரை சென்று, 2009இல் கொழும்பின் குப்பை புளூமெண்டலை விட்டு நகர்ந்தது. எங்கே நகர்ந்தது? மாநகர எல்லைக்கு வெளியே, கொலன்னாவையைச் சேர்ந்த மீதொட்டமுல்லைக்கு! சிறிது காலத்துக்கென்று 2 ஏக்கர் நிலமே குறிக்கப்பட்டது. அது சுமார் 20 ஏக்கராய்ப் பரந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 தொன் குப்பை அங்கு வந்து கொட்டப்படுவதாக அந்நாளிற் கணக்கிட்டனர்.

மீதொட்டமுல்லை மக்கள் வாயில்லாப் பூச்சிகளாக இருக்கவில்லை. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றுகூடி வீதியை மறித்தனர். லொறிகளின் முன் நின்றனர். பொலிசாரின் அடியையும் பெற்றனர். ஆனால் எவரைத் தண்டிப்பது? குப்பைக்கு உரியது கொழும்பு மாநகர சபை. அச்சபைக்கு வாக்களிக்கும் உரிமை கொலன்னாவையாருக்கு இல்லை. கொலன்னாவை நகர சபைக்கு அவர்கள் வாக்களிக்கலாம். அதற்கோ கொழும்பு லொறியைத் தடுக்கும் வலிமை இல்லை. எல்லைக்கோடு ஒன்றை வரைந்துவிட்டால் பொறுப்பு எவ்வளவு இலகுவாக மறைந்துவிடுகின்றது!

2017 ஏப்ரல் 14ஆம் திகதி, தமிழ் சிங்களப் புத்தாண்டு நாளின் பிற்பகலில் அம்மலை சரிந்தது. பண்டிகைக்காக வீட்டில் கூடியிருந்தோர் மீதே சரிந்தது. 32 உயிர்கள் பலியாயின. அந்நாளில் கொழும்பு மாநகர சபைக்கு நகரபிதாவும் இல்லை, அங்கத்தவரும் இல்லை என்பதைப் பலர் கவனித்திலர். 2011 ஒக்டோபரில் தெரிவு செய்யப்பட்ட சபையின் காலம் 2016இல் முடிந்திருந்தது. அடுத்த தேர்தலோ 2018 பெப்ரவரியில்தான் நடந்தது. இடைக்காலத்தில் ஆணையாளரே நிர்வாகம் செய்தார். சட்டப்படி அம்மலை சபையின் சொத்து. சபை மண்டபத்தில் நாற்காலிகள் மட்டுமே இருந்தன.

அரசாங்கம் உடனே செய்த காரியம் ஒன்றையும் குறிப்பிடுதல் வேண்டும். சில நாட்களுள் வெளியான வர்த்தமானி அறிவித்தல் குப்பை அகற்றலை அத்தியாவசிய சேவையாகப் பிரகடனம் செய்து, அதற்குத் தடையாய் நிற்பதைக் குற்றமாக்கியது. 32 பேரைப் புதைத்த குப்பையைப் பற்றி அரசு முதலில் கண்ட ஆபத்து, அதனை எதிர்க்கும் மக்களே!

ஆணையாளர் ஆட்சி கொழும்புக்குப் புதியதன்று. 2010இலும் சபை கலைக்கப்பட்டு, அடுத்த ஆண்டுத் தேர்தல்வரை அந்நிலையே நீடித்தது. மீதொட்டமுல்லையின் குப்பை பெருகிய தொடக்க காலமும் அதுவே. பின்னர் 2023 மார்ச் 9ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்ட உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணங்காட்டி நடத்தப்படாது விடப்பட்டது. நாடெங்கும் உள்ளூராட்சி மன்றங்கள் அங்கத்தவரின்றி இயங்கின. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதியே வாக்குப்பெட்டி மக்கள்முன் வைக்கப்பட்டது.

இதைப் படிக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள், இது தலைநகரின் கதைதானே என்று எண்ணிவிட வேண்டாம். யாழ் மாநகரின் குப்பை கல்லுண்டாய் வெளியிலே கொட்டப்பட்டு வந்தது. அவ்வெளி மாநகர எல்லைக்குள் அன்று, வலிகாமம் தென்மேற்குப் பிரதேசத்தில் இருக்கின்றது. அங்கு எரியும் குப்பையின் புகையைச் சுவாசித்தோரும் யாழ் மாநகர சபைக்கு வாக்களிப்போர் அல்லர். வெள்ளையரும் கொழும்பாரும் கற்றுக்கொடுத்த பாடத்தை நாமும் நன்றாகவே படித்திருக்கின்றோம்.

மீதொட்டமுல்லை மூடப்பட்ட பின் கொழும்பின் குப்பை முத்துராஜவெல சதுப்பு நிலத்தை நாடியது. அத்துடன், புகையிரதம் மூலம் அதனைச் சுமார் 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அருவக்காட்டுக்குக் கொண்டுசெல்லும் திட்டமும் வகுக்கப்பட்டது. புத்தளம் மாவட்டத்தில், சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டி எடுக்கப்பட்ட நிலம் அது. 2018இலும் 2019இலும் புத்தளத்து மக்கள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தனர். கொழும்புக்கு வந்தும் ஆர்ப்பாட்டம் செய்தனர். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் தஞ்சம் புகுந்த மாவட்டமும் அதுவே. அவர்களிற் பலர் தம் வாக்கைப் புத்தளத்திற் பதிவதா, விட்டுவந்த ஊரிற் பதிவதா என்ற இழுபறியிலேயே பல்லாண்டுகளைக் கழித்தவர்கள். அவர்களின் வாக்கு எங்கே பதிவானாலும், கறுவாத்தோட்டத்து வெண்மாடத்தின் கீழ் இருப்போரை அது தொடாது.