கண் போகும் இடமும் காசு வந்த இடமும்

இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் கண் ரயில் மாதிரி சீராக ஓடவில்லை. ஓரிடத்தில் சுமார் கால் நொடி நிற்கிறது, தாவுகிறது, மறுபடி நிற்கிறது. பாரிஸில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் 1870களின் கடைசியில் கவனித்த விஷயம் இது. இந்த அசைவை அளக்கும் துறைக்குத்தான் 'ஐ ட்ராக்கிங்' என்று பெயர். பல்கலைக்கழகமும் வெளியார் பணமும் கைகோத்து நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆரம்பத்தில் பெரிய செலவில்லை. அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் எட்மண்ட் ஹியூயி 1898-ல், படிப்பவரின் கண்ணைக் கோகெய்ன் மருந்தால் மரத்துப்போகச் செய்து, சின்ன பிளாஸ்டர் மூடி ஒன்றைக் கருவிழிமேல் ஒட்டி, அதோடு இணைத்த கம்பியால் அசைவைப் பதிவு செய்தார். (கேட்கும்போதே கண் கூசுகிறது!) 1901-ல் ரேமண்ட் டாட்ஜும் தாமஸ் கிளைனும் கண்ணைத் தொடாமலே, அதில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படமெடுத்துக் காட்டினார்கள்.

செலவு ஏறியது விமானத்தோடு. 1940களின் கடைசியில் அமெரிக்க விமானப்படைக்கு ஒரு கேள்வி. கருவிகளை மட்டும் பார்த்துத் தரையிறங்கும் விமானி எதை எத்தனை முறை பார்க்கிறார்? பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளரும் சகாக்களும் விமானி அறைக்குள் சினிமா கேமராவும் கண்ணாடியும் வைத்து 40 விமானிகளின் கண்களைப் படமெடுத்தார்கள். அடிக்கடி பார்ப்பது முக்கியமான கருவி, நீண்ட நேரம் பார்ப்பது படிக்கக் கஷ்டமான கருவி என்று தெரிந்தது. 1950-ல் வெளியான இந்த முடிவு, எந்தக் கருவியை எங்கே பொருத்தலாம் என்பதற்கு வழிகாட்டியது. ஃபிட்ஸ் 1949-லேயே ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். விமானப்படையின் ஒப்பந்தப் பணமும் அவர் பின்னாலேயே போனது.

பணம் கொடுப்பவரின் கேள்விதான் ஆராய்ச்சியின் கேள்வியாகிறது. இது பிடிக்காமல் எழுந்த கலகமும் உண்டு. வெளியாருக்கு ஆராய்ச்சி செய்து தருவதற்கென்றே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1946-ல் ஸ்டான்ஃபோர்டு ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டை ஆரம்பித்தது. வியட்நாம் போர் நேரத்தில் ராணுவ ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லி, 1969 ஏப்ரலில் மாணவர்கள் வளாகத்திலிருந்த ஆய்வுக்கூடம் ஒன்றில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். 1970-ல் பல்கலைக்கழகம் அந்த நிறுவனத்தைத் தனியாகப் பிரித்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், பிரிந்த அந்த நிறுவனத்தில்தான் டாம் கார்ன்ஸ்வீட், ஹியூவிட் கிரேன் இருவரும் நாசாவின் பணத்தில் ஓர் அருமையான கருவி செய்தார்கள். கருவிழியின் முன்பக்கமும் கண் லென்ஸின் பின்பக்கமும் தரும் இரண்டு ஒளிப் புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்வையின் திசையை மிகத் துல்லியமாகச் சொல்லும் கருவி அது. 1973-ல் அதன் விவரத்தை ஆய்விதழில் வெளிப்படையாக எழுதினார்கள். பின்னாளில் அதே வகைக் கருவியை வைத்துத்தான் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கீத் ரெய்னர் குழு, மனிதன் எப்படிப் படிக்கிறான் என்பதை ஆராய்ந்தது. விண்வெளிக்காரர்களின் காசு வாசிப்புக்கு உதவியது.

சரி, காசு கொடுக்க யாருமே வராத கேள்விகளை என்ன செய்வது? கைகால் அசையாமல், பேச்சும் வராமல், கண் மட்டும் அசைகிற ஒருவருக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதில் லாபம் குறைவு. கேம்பிரிட்ஜில் டேவிட் மக்காயும் டேவிட் வார்டும் அதற்காக 'டாஷர்' என்ற மென்பொருளைச் செய்தார்கள். ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு கண்ணாலேயே நிமிடத்துக்கு 25 சொற்கள் வரை எழுதலாம் என்று 2002-ல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். பணம் தந்து தாங்கியது காட்ஸ்பி அறக்கட்டளை. சூப்பர் மார்க்கெட் குடும்பத்தைச் சேர்ந்த டேவிட் செயின்ஸ்பரி 1967-ல் தொடங்கியது. மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று மக்காய் திறந்துவிட்டார். 2016-ல் அவர் காலமானார். டாஷர் பிழைத்திருக்கிறது.

நம் பக்கத்திலும் ஒரு கூட்டு உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பிரதீப்தா பிஸ்வாஸின் குழு போர் விமானிகளின் பார்வையையும் ஆராய்கிறது, கண்ணால் இயக்கும் இயந்திரக் கையையும் செய்கிறது. 2020-ல் வெளியான அந்த இயந்திரக் கை ஆய்வில் கூட்டாளி, சென்னையில் 1985 முதல் இயங்கும் வித்யாசாகர். அசைவும் பேச்சும் மிகவும் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் படிக்கிற இடம். இந்தக் கூட்டாளி செக் எழுதிக் கொடுக்கவில்லை. எந்தக் கருவி தன் பிள்ளைகளுக்கு உதவும், எது உதவாது என்ற அனுபவத்தைக் கொடுத்தது. காசைவிட அரிய முதலீடு அதுதான் என்பேன்.

வெளியார் பணம் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் வைப்பதில் பயனில்லை. பணம் இல்லாமல் இந்தத் துறையே வளர்ந்திருக்காது. பார்க்கவேண்டியது வேறு: வேலை முடிந்தபின் கருவியும் முடிவும் யாரிடம் மிஞ்சுகிறது? பூட்டி வைத்தால் அது ஒரு கம்பெனியின் சொத்து. வெளியே வந்தால் நாசாவின் காசும் எங்கோ ஒரு வகுப்பறைக்குப் போய்ச் சேரும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று சொன்னால் "ஸ்டைபண்ட் எவ்வளவு?" என்று கேட்போம், தப்பில்லை. கூடவே இதையும் கேளுங்கள்: "காசு யார் தருகிறார்கள்? நீ கண்டுபிடிப்பதை வெளியே சொல்ல விடுவார்களா?"