பாயிலிருந்து பொறிக்கு: தென்தமிழக, கேரளக் கரைகளில் சிறுமீன்பிடிக் கலங்களின் மாற்றம் (1950–2004)

ஆய்வுச் சுருக்கம்

கட்டுமரம், வள்ளம் ஆகிய மரபுக் கலங்களில் இயந்திரம் பொருத்தும் முயற்சிகள் இந்திய விடுதலைக்குப் பின் தொடங்கி அரை நூற்றாண்டுக் காலம் நடைபெற்றன. இவ்வரலாறு பெரும்பாலும் துடுப்பு, பாய், பொறி என்னும் படிநிலை வளர்ச்சியாகவே எழுதப்பட்டுள்ளது. எந்தக் கலம் நிலைத்தது, எது கைவிடப்பட்டது என்பதைப் பொறியின் ஆற்றலைவிடக் கரையின் அலையமைப்பும், கலம் கட்டும் மரத்தின் விலையும், வருவாயைப் பங்கிடும் முறையுமே முடிவு செய்தன என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: கட்டுமரம், வள்ளம், பாய், வெளிப்பொருத்து இயந்திரம், நீண்டகரை, முட்டம், வங்காள விரிகுடாத் திட்டம், பங்குமுறை.

1. பொறிக்கு இடமில்லாத கலம்

சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய ஆய்வு, கட்டுமரத்தைக் கலவியல் நோக்கில் விரிவாகப் பதிவு செய்த தொடக்ககால நூல்களுள் ஒன்று. ஹார்னெலுக்கு இருந்த ஆர்வம் முதன்மையாக இனவரைவியல் சார்ந்தது. கலங்களின் தோற்றத்தையும் பரவலையும் அவர் தேடினார். எனினும், அவர் விவரித்த அமைப்புகளிலிருந்து, பின்னர் வந்த பொறியாளர்கள் எதிர்கொண்ட சிக்கல்களை முன்கூட்டியே ஊகித்துவிடலாம்.

கட்டுமரத்திற்கு உட்குழிவு இல்லை. எடை குறைந்த மரத்துண்டுகளைச் செதுக்கி, அடுக்கி, கயிற்றால் பிணைத்த மிதவை அது. மேலேறும் அலைநீர் மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். ஆகவே நீர் நிரம்பி மூழ்கும் இடர் அதற்கு இல்லை. அலை உடையும் இடத்தைக் கடந்து செல்லவும், மணற்கரையில் நேரே வந்து ஏறவும், ஏறியபின் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்தவும் இயலும். துறைமுகம் இல்லாத கரைக்கு இதைவிடப் பொருத்தமான கலம் அரிது. ஆனால் இதே பண்புகளே பொறிக்குப் பகையாயின. உட்குழிவு இல்லாத கலத்தில் பொறியை எங்கே அமர்த்துவது? சுழலித் தண்டைக் கலத்தின் அடிவழியே கீழிறக்கினால் கரையேறும்போது மணலில் முட்டி முறியும். உப்புநீர் எந்நேரமும் தெறிக்கும் மேற்பரப்பில் எரிபொறி நீடிக்காது.

பாயின் நிலை வேறு. விடியலுக்கு முன் நிலத்திலிருந்து வீசும் கரைக்காற்று கலத்தை வெளியே கொண்டு செல்லும். நண்பகலுக்குப் பின் எழும் கடற்காற்று திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். ஒற்றை முக்கோணப் பாய், அதைத் தாங்கும் நீண்ட பருமல், பக்கக் காற்றில் கலம் நழுவாமலிருக்க மரங்களின் இடையே செங்குத்தாகச் செருகும் பலகை ஆகிய மூன்றும் இந்த நாட்சுழற்சிக்கு ஏற்ப அமைந்தவை. பருத்திப் பாயின்மீது நீரை இறைத்து நனைத்து, இழைகளின் கண்கள் இறுகிக் காற்றைப் பிடித்து நிறுத்துமாறு செய்தனர். தொழில்நுட்ப அறிக்கைகள் பலவற்றில் ‘பழமையானது’ என்னும் ஒற்றைச் சொல்லால் கடந்து செல்லப்படும் இக்கருவி, காற்றின் திசைக்கேற்பத் திருத்தியமைக்கத்தக்க நுட்பமான ஏற்பாடாகும். அதன் குறை ஒன்று உண்டு; அக்குறைதான் பின்னர் எல்லாவற்றையும் மாற்றியது. காற்று ஏலத்தின் நேரத்தைப் பார்த்து வீசுவதில்லை.

2. நீண்டகரை: திட்டம் தடம் மாறியது

1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய முத்தரப்புக்கிடையே கையெழுத்தான உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரை ஊர்களில் இந்தோ–நார்வேத் திட்டம் தொடங்கியது. மீனவர்களின் கலங்களை விசைமயமாக்குவதும் வாழ்நிலையை உயர்த்துவதும் அதன் அறிவிக்கப்பட்ட நோக்கங்கள். இருக்கும் வள்ளங்களிலேயே பொறியைப் பொருத்தலாம் என்ற தொடக்க எண்ணம் நடைமுறையில் பலிக்கவில்லை. ஒற்றை மரத்தில் குடைந்த வள்ளத்தின் குறுகிய உடல் உட்பொருத்தும் பொறியின் எடைக்கும் அதிர்வுக்கும் ஏற்றதாயில்லை. எனவே புதிய சிறு விசைப்படகுகள் வடிவமைக்கப்பட்டன. அவை கரையேறும் கலங்கள் அல்ல. நிறுத்துவதற்குக் கழிமுகமோ துறையோ தேவைப்பட்டது. நீண்டகரையில் அது இருந்தது. திறந்த மணற்கரையில் வாழ்ந்த பெரும்பான்மை மீனவர்களுக்கு அது இல்லை.

அடுத்து நிகழ்ந்தது கேரள மீன்வள வரலாற்றில் நன்கறியப்பட்டது. இறாலுக்கு அயல்நாட்டுச் சந்தை திறந்ததும் விசைப்படகுகள் இழுவலைக்கு மாறின. மீனவரின் கலத்தை மேம்படுத்தத் தோன்றிய திட்டம், அவர்தம் கலத்தோடு போட்டியிடும் வேறொரு கலத்தொகுதியை உருவாக்கியது. இத்திட்டத்தை ஆராய்ந்த ஜான் குரியன் போன்றோர் இதை வெளிநாட்டுத் தொழில்நுட்ப உதவியின் விளைவாகவே மதிப்பிட்டுள்ளனர். அம்மதிப்பீடு சரியானதே. ஆயினும் அதற்கு முந்தைய படி கவனிக்கத்தக்கது: வள்ளத்தில் பொறி பொருந்தவில்லை என்ற பொறியியல் தடையே திட்டத்தை வள்ளத்திலிருந்து விலக்கியது. அத்தடையைத் தீர்க்க மேலும் சில ஆண்டுகள் செலவிடப்பட்டிருந்தால் வரலாறு எவ்வாறு சென்றிருக்கும் என்பது விடையற்ற வினா. ஆனால் அது வீண் வினா அன்று. ஏனெனில் முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே தடையைத் தீர்க்கவே பன்னாட்டு நிதி செலவிடப்பட்டது.

தமிழகக் கரையிலும் 1950களின் பிற்பகுதி முதல் அரசு விசைப்படகுகளை வழங்கத் தொடங்கியது. 1970களில் விசைப்படகினர்க்கும் கட்டுமர மீனவர்க்கும் இடையே மோதல்கள் மூண்டன. கட்டுமர, நாட்டுப்படகு மீனவர் உரிமைகளுக்கான தேசிய மன்றம் 1978இல் தோன்றியது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல்மைல் வரையிலான பரப்பை மரபு மீனவர்க்கு ஒதுக்கியது. கடலில் எல்லைக்கோடு வரையப்படாததால் அச்சட்டத்தின் நடைமுறைப் பயன் குறைவாகவே இருந்தது.

3. முட்டம்: மரத்தின் பஞ்சம்

குமரி மாவட்டத்து முட்டத்தில் நடந்த முயற்சி இவற்றினின்று வேறுபட்டது. கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூகப் பணி அமைப்பைச் சார்ந்து அங்கு அமைந்த படகு கட்டும் மையம் முதலில் எதிர்கொண்டது மரத்தின் சிக்கலை. வள்ளம் குடைவதற்குரிய பெரிய மா, ஆயினி மரங்கள் அரிதாகி விலையேறின. கட்டுமரத்திற்குரிய எடை குறைந்த மரங்களும் அவ்வாறே. பொறி பொருத்துவதற்கு முன்பே கலமே கைக்கெட்டாப் பொருளாகிக்கொண்டிருந்தது.

அதற்கு மாற்றாகக் கடல்தர ஒட்டுப்பலகையால் கலங்கள் கட்டப்பட்டன. பலகைகளை அளந்து வெட்டி, விளிம்புகளைக் கம்பியால் தைத்து இணைத்து, மூட்டுகளைக் கண்ணாடியிழையாலும் பிசினாலும் பூசி இறுக்குவது அதன் முறை. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் வழக்கம் மேற்குக்கரை வள்ளங்களிலும், சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளிலும் நெடுங்காலமாக இருந்துவந்தது. ஆணியற்ற தையல் என்னும் கருத்து மீனவர்க்குப் புதியதாகத் தோன்றாமைக்கு இது ஒரு காரணமாகலாம். மூலப்பொருள் மட்டுமே அயலானது.

முட்டத்துப் பட்டறிவை அங்குப் பணியாற்றிய பியர் ஜிலே 1985இல் நூலாக வெளியிட்டார். ‘சிறியதே அழகு’ என்ற ஷூமாக்கரின் புகழ்பெற்ற தலைப்பை எதிரொலித்து, ‘சிறியது கடினம்’ என அவர் தம் நூலுக்குப் பெயரிட்டார். பெரிய விசைப்படகை வடிவமைப்பவர்க்குப் பொருத்தமான துறைமுகத்தைக் கோரும் வாய்ப்பு உண்டு. சிறு கலத்தை வடிவமைப்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. அவர்தம் கலம் அலையைக் கடக்க வேண்டும், நான்கைந்து பேர் மணலில் இழுத்தேற்றுமளவு இலேசாக இருக்க வேண்டும், வலையின் எடையைத் தாங்க வேண்டும், பழைய மரக்கலத்தின் விலையை மிகவும் விஞ்சாதிருக்க வேண்டும். இந்நிபந்தனைகள் ஒன்றையொன்று இடிப்பவை. கலத்தை அகலமாக்கினால் நிலைப்பு கூடும், எடையும் கூடும். எடையைக் குறைக்கப் பலகையை மெலிதாக்கினால் கரையில் அடிபட்டுப் பிளக்கும். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இத்தொழில்நுட்பத்தைப் பின்னர் தன் படகுத் தளங்களின் வழியே பரப்பியது. மீனவர்களே உறுப்பினரான கூட்டமைப்பின் கைக்கு அது சென்றதால், கலத்தைப் பயன்படுத்துவோரின் குறைகள் கட்டுவோரை நேரே எட்டின. வெளியார் திட்டங்கள் பலவற்றில் இல்லாத வசதி இது.

4. தூக்கும் பொறி

ஒட்டுப்பலகை வள்ளத்தோடு பரவியது சப்பானிய வெளிப்பொருத்து இயந்திரம். 8 அல்லது 9.9 குதிரைத்திறன் கொண்ட இச்சிறு பொறியைக் கரையை நெருங்கும்போது மேலே சாய்த்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்கே கொண்டு செல்லலாம். நீண்டகரையில் தீராத சிக்கலை இவ்வெளிய ஏற்பாடு தீர்த்தது. பெட்ரோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டும் வழக்கம் நிலைபெற்றது. 1980களில் கேரளத் தென்கரையிலும் குமரிக் கரையிலும் இது மிக விரைவாகப் பரவியது. கட்டுமரங்களின் பின்புறத்தில் மரச்சட்டம் அமைத்துப் பொறியைத் தொங்கவிட்டவர்களும் உண்டு.

ஆனால் இப்பொறி எரிபொருளை மிகுதியாகக் குடிப்பது. அதன் சுழலி சிறியது, விரைந்து சுழல்வது. கனத்த கலத்தை மெல்ல உந்துவதற்கு அது ஏற்றதன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் சுவீடனின் நிதியுதவியோடு உணவு வேளாண்மை அமைப்பு நடத்திய வங்காள விரிகுடாத் திட்டம் இங்கேதான் தலையிட்டது. அதன் கடற்கலப் பொறியாளர் ஓய்வின்ட் குல்பிரான்சன் கரையேறும் படகுகளை வடிவமைத்தார். அவற்றில் டீசல் பொறியும் சுழலித் தண்டும் ஒரே தொகுதியாக இணைந்து சாயும். தண்டு கலத்தைத் துளைக்கும் இடத்தை நெகிழும் ரப்பர் உறை மூடியிருக்கும். கரை நெருங்கியதும் சுழலியை உயர்த்திவிடலாம். எரிபொருளைச் சேமிக்கவும், பொறி பழுதானால் கரைசேரவும் பாய் துணையாக இருந்தது.

குல்பிரான்சன் 1986இல் எழுதிய எரிபொருட் செலவுக் குறைப்புக் கையேடு, மீனவர்க்கு எட்டியிருந்தால் எந்தப் புதுக்கலத்தையும்விடப் பயனளித்திருக்கக்கூடிய எளிய இயற்பியலை முன்வைக்கிறது. நீரைப் பிளந்து செல்லும் கலத்தின் வேகத்திற்கு அதன் நீளமே வரம்பு. நீர்க்கோட்டில் 20 அடி நீளமுள்ள கலம் மணிக்குச் சுமார் 6 கடல்மைலை நெருங்கும்போது, தானே எழுப்பும் அலையில் சிக்கிக்கொள்கிறது. அதற்குமேல் திறனைக் கூட்டினால் எரிபொருள் எரியும், வேகம் கூடாது. சுழலிக்குத் தேவையான திறன் அதன் சுழற்சி வேகத்தின் மும்மடிக்கேற்ப மாறுவதால், சுழற்சியை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மணிக்கணக்கில் எரிபொருட் செலவு ஏறத்தாழப் பாதியாகும். பயணம் சற்று நீளும் என்பதைக் கணக்கிட்டாலும், அதே தொலைவுக்கு மூன்றில் ஒரு பங்களவு மிச்சமாகும்.

5. பங்கும் கடனும்

கணக்கு இவ்வளவு தெளிவாயிருந்தும் கரையில் யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை. இதை அறியாமை என்று கொள்வது பிழை. முதலில் கரைசேரும் கலத்தின் மீனுக்கே ஏலத்தில் நல்ல விலை. பின்னால் வருவோர்க்கு விலை சரிந்துவிடும். மிச்சப்படும் எரிபொருளைவிட இழக்கும் விலை பெரிது. பாய் கைவிடப்பட்டதற்கும் இதுவே முதற்காரணம். கடற்காற்று எழும்வரை காத்திருந்தவர், பொறியுடன் முன்னே சென்றவரின் எஞ்சிய விலைக்கே விற்க நேர்ந்தது. ஊரில் சிலர் பொறி வாங்கியபின் மற்றவர்க்கு வாங்காதிருக்கும் உரிமை பெயரளவுக்கே இருந்தது.

பாய்க் காலத்தில் மீன் படாத நாளின் இழப்பு உழைப்பு மட்டுமே. பொறிக் காலத்தில் அது பணமாயிற்று. எரிபொருளின் விலை முதலில் கழிக்கப்பட்டு, எஞ்சியதே கலத்திற்கும் வலைக்கும் பொறிக்கும் ஆட்களுக்கும் பங்காகப் பிரிந்தது. பொறி ஓர் ஆளைப்போலத் தன் பங்கைப் பெற்றது. ஆனால் பட்டினியில் பங்கேற்கவில்லை. பொறிக்கும் எரிபொருளுக்கும் முன்பணம் தந்த வியாபாரியிடமே மீனை விற்கும் கட்டாயம் பலரைப் பிணைத்தது. கூட்டமைப்பின் சங்கங்கள் கடன் வழங்கலையும் விற்பனையையும் தம் கையில் எடுத்தமைக்கு இப்பிணைப்பே காரணம். சங்கம் வலுவாயிருந்த ஊர்களில் பொறியின் சுமை தாங்கத்தக்கதாயிற்று.

இந்த நோக்கில் வங்காள விரிகுடாத் திட்டத்தின் கரையேறும் படகு பரவலாக நிலைபெறாததையும் விளங்கிக்கொள்ளலாம். எரிபொருளை அது மிச்சப்படுத்தியது; ஆனால் அதன் முதல் விலை கட்டுமர மீனவரின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கடன் வாங்கிப் பொறியைச் சேர்ப்பவர்க்கு, பத்தாண்டில் மிச்சமாகும் டீசலைவிட இன்று கையிலிருந்து போகும் தொகையே கண்ணுக்குத் தெரியும். இதற்கு மாறாக, காற்றால் குளிரும் சிறு டீசல் பொறியோடு நீண்ட தண்டை இணைத்து, கலத்தின் பின்புறத்தில் சுழலும் தாங்கியில் வைத்துக் கையாலேயே தூக்கவும் திருப்பவும் கூடிய ‘லாங் டெயில்’ அமைப்பு சோழமண்டலக் கரையில் வேரூன்றியது. ஊர்ப் பட்டறையிலேயே அதைப் பழுதுபார்க்க முடிந்தது.

2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பின், நிவாரணமாக வழங்கப்பட்டவற்றில் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. பாய்மரம் ஊன்றும் ஏற்பாடு அவற்றில் பெரும்பாலும் இல்லை. கட்டுமரத்தின் எண்ணிக்கை அதன்பின் வேகமாகச் சரிந்தது. ஹார்னெலின் நூல் கலத்தின் உருவைத் தருகிறது. பாயை எந்தக் காற்றுக்கு எவ்வாறு வெட்டித் தைத்தனர், இடைப்பலகையை எப்போது உயர்த்தினர், அலையின் எந்த இடைவெளியில் பருமலை இறக்கினர் என்பனவற்றை அது முழுமையாகத் தரவில்லை. அவ்வறிவுடன் கடலுக்குச் சென்ற கடைசித் தலைமுறையினர் இன்று முதுமையில் உள்ளனர். வாடை, கொண்டல், கச்சான் என ஊருக்கு ஊர் பொருள் நகரும் காற்றுப் பெயர்களோடு பாயின் உறுப்புப் பெயர்களையும் சேர்த்துத் தொகுக்கும் களப்பணிக்கு இராமேசுவரம் முதல் நீரோடி வரையிலான ஊர்களில் அவர்களே முதன்மைத் தகவலாளர்கள்.