ஒரே கார், வேறு வேறு 'டைனோ': எந்தக் குதிரைத்திறனை நம்புவது?

பத்தாங் பெர்ஜுந்தாயைச் சேர்ந்த ஒருவர் தன் மைவியை எடுத்துக்கொண்டு, ஈஜோக்கில் லத்தார் நெடுஞ்சாலை ஏறி, கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பட்டறைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள டைனோ 80 குதிரைத்திறன் காட்டுகிறது. பிறகு எக்ஸாஸ்ட் மாற்றி, டியூனிங் செய்து, இன்னொரு பட்டறையில் அளந்தால் 90. "பத்து குதிரை ஏறிடுச்சு பாஸ்!"

உண்மையிலேயே ஏறியதா? அந்த இரண்டு தாள்களை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. கார் மாறாமலே, கருவி மாறினாலும் எண் மாறும். சம்பளப் பணத்தைப் போட்டு டியூனிங் செய்பவர்களும், "டைனோ செய்த கார்" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பழைய கார் வாங்குபவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

டைனோ எதை அளக்கிறது?

குதிரைத்திறனை எந்தக் கருவியும் நேரடியாக அளப்பதில்லை. டைனோ அளப்பது முறுக்குவிசையையும் (நாம் 'டார்க்' என்கிறோமே, அதுதான்) சுழலும் வேகத்தையும். மீதி எல்லாம் கணக்கு. நியூட்டன் மீட்டரை ஆர்.பி.எம்-மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும்.

2016-இல் வந்த புரோட்டோன் சாகாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உச்ச முறுக்குவிசை 4,000 ஆர்.பி.எம்-இல் 120 நியூட்டன் மீட்டர். கணக்குப்படி அந்த இடத்தில் திறன் சுமார் 50 கிலோவாட், அதாவது 68 பி.எஸ். நிறுவனம் சொல்லும் 95 பி.எஸ், எஞ்சின் இன்னும் வேகமாகச் சுழலும்போது, 5,750 ஆர்.பி.எம்-இல் வருவது.

எத்தனை வகை டைனோ இருக்கிறது?

எஞ்சின் டைனோ: காரிலிருந்து எஞ்சினைத் தனியாக இறக்கி, அதன் கிராங்க் தண்டில் அளப்பது. விளம்பரத்தில் வரும் எண் இப்படி எஞ்சினில் எடுத்ததுதான். 2017-இல் வந்த மைவி 1.5-க்கு நிறுவனம் சொல்லும் எண்ணும் இந்த வகை.

இனெர்ஷியா ரோலர்: காரின் சக்கரங்கள் கனமான உருளை ஒன்றைச் சுழற்றும். அதைச் சுழற்ற எவ்வளவு சக்தி தேவை என்பது முன்கூட்டியே தெரியும். அது எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்பதை வைத்துத் திறனைக் கணக்கிடுவார்கள். டைனோஜெட் இதில் பிரபலமான பெயர். கனமான ரிம் போட்டிருந்தால் எண் கொஞ்சம் குறையலாம், ஏனென்றால் அதைச் சுழற்றவும் சக்தி போகிறது.

லோட் ரோலர்: உருளைக்கு மின்காந்த பிரேக் இருக்கும். காரை ஒரே ஆர்.பி.எம்-இல் பிடித்து நிறுத்தி வைக்கலாம் என்பதால் டியூனிங் வேலைக்கு வசதி. மஸ்டாங், டைனோ டைனமிக்ஸ் கருவிகள் இந்த வகை. பொதுவாக இவை டைனோஜெட்டைவிடக் குறைவாகக் காட்டும். சுமை நீண்ட நேரம் இருப்பதால் எஞ்சின் சூடாவதும், பட்டறைக்காரர் கருவியில் கொடுக்கும் அமைப்புகளும் எண்ணைப் பாதிக்கும்.

ஹப் டைனோ: சக்கரத்தையே கழற்றிவிட்டு, ஹப்பில் கருவியைப் பொருத்துவார்கள். டைனாபேக் இந்த வகை. டயர் வழுக்காது, டயர் உருளும்போது ஏற்படும் இழப்பும் இல்லை. அதனால் அதே கார் இதில் லோட் ரோலரைவிடக் கூடுதலாகக் காட்டுவது வழக்கம்.

முன்பு லோட் ரோலரில் 80, பின்பு ஹப் டைனோவில் 90 என்றால், அந்தப் பத்தில் எவ்வளவு டியூனிங்கால் வந்தது, எவ்வளவு கருவியால் வந்தது என்று பிரிக்க வழியே இல்லை.

'கிராங்க்' எண் எங்கிருந்து வந்தது?

கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், டயர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறனைத் தின்னும். அதனால் சக்கரத்தில் வரும் எண், விளம்பர எண்ணைவிடக் குறைவாக இருப்பது இயல்பு. "என் காடியில குதிரை காணாம போச்சு" என்று பதற வேண்டாம்.

சில பட்டறைகள் சக்கர எண்ணோடு ஒரு சதவீதத்தைச் சேர்த்து 'கிராங்க்' எண்ணாகத் தரும். சக்கரத்தில் 85 வந்தது என்றால், இழப்பு 15% என்று வைத்தால் 100. அதையே 20% என்று வைத்தால் 106. ஒரே ஓட்டம்தான், அனுமானம் மட்டும் வேறு. ஆகவே எப்போதும் சக்கர எண்ணையே கேளுங்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கும் பங்கு உண்டா?

உண்டு. சூடான, ஈரமான காற்றில் ஆக்சிஜன் குறைவு. அதைச் சரிக்கட்ட டைனோ மென்பொருள் ஒரு திருத்தக் காரணியால் பெருக்கும். எஸ்.ஏ.இ முறை 25 டிகிரி செல்சியஸை அடிப்படையாக எடுக்கும். எஸ்.டி.டி எனும் பழைய முறை சுமார் 15.6 டிகிரியை எடுக்கும்.

பட்டறைக்குள் 33 டிகிரி, ஈரப்பதம் 70% என்றால், திருத்தம் இல்லாத 85, எஸ்.ஏ.இ-இல் சுமார் 88 ஆகும், எஸ்.டி.டி-இல் சுமார் 91 ஆகும். ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் ஆறு குதிரை! டர்போ கார்களில் இன்னும் கவனம் தேவை. அவற்றின் கணினி வெப்பத்துக்கு ஏற்ப பூஸ்டைத் தானே சரிசெய்யக்கூடும், அதன் மேல் திருத்தமும் சேர்ந்தால் எண் மிகையாகும்.

அலகையும் பாருங்கள். ஒரு பி.எஸ் 735.5 வாட், ஒரு ஹெச்.பி 745.7 வாட். 102 பி.எஸ் என்பது சுமார் 100.6 ஹெச்.பி, அல்லது 75 கிலோவாட்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

• வேலைக்கு முன்பும் பின்பும் அதே டைனோவில் அளப்பீர்களா?
• இது சக்கர எண்ணா, கிராங்க் எண்ணா?
• எந்தத் திருத்த முறை? திருத்தம் இல்லாத எண்ணும் தாளில் இருக்குமா?
• இரண்டு முறையும் அதே கியர், அதே டயர் காற்றழுத்தம், எஞ்சின் சூடு ஏறக்குறைய அதேதானா?
• குறைந்தது மூன்று ஓட்டம் எடுப்பீர்களா?

மூன்று ஓட்டங்களுக்குள்ளேயே இரண்டு குதிரை வித்தியாசம் வந்தால், "இரண்டு குதிரை கூடியிருக்கு" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. உச்ச எண்ணை மட்டும் பார்க்காமல் முழு வரைகோட்டையும் பாருங்கள். தினமும் வேலைக்குப் போய்வரும் காருக்கு 2,000 முதல் 4,000 ஆர்.பி.எம் வரையிலான பகுதிதான் அதிகம் பயன்படும்.

பழைய கார் வாங்கும்போது விற்பவர் டைனோ தாள் காட்டினால், அதில் கருவியின் பெயர், தேதி, திருத்த முறை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டால், அந்த எண்ணுக்காகக் கூடுதலாக ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.