ஹட்டன் ஏற்றத்தில் கீச்சிட்ட பெல்ற்

கினிகத்தேனை ஏற்றத்தில் என் 110 கொரோல்லா கீச்சிடத் தொடங்கியபோது ரேடியோவைக் கூட்டிவிட்டு ஓடினேன். மடத்தனம். பின் சீற்றில் அம்மாயி; டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். இந்தப் பெற்றோல் எஞ்சினில் அல்டனேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் ஒரே பெல்ற்தான் சுற்றுகிறது. அறுந்தால் ஹட்டனுக்கு முன்பே எஞ்சின் கொதித்துவிடும்.

மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஓட்டிய யாழ்ப்பாணத்தாருக்குப் பழைய காரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் மலை வேறு. இங்கே சிறிய கியரில், காற்றுக் குறைவாகப் படும் வேகத்தில், நீண்டநேரம் ஏறவேண்டும்.

பனிக்காலையில் ஓரிரு நொடி கீச்சிடுவது சாதாரணம். தொடர்ந்தால், எஞ்சின் ஓடும்போது சற்றுத் தள்ளி நின்று பெல்ற்றில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் அடங்கித் திரும்பி வந்தால் பெல்ற் தேய்ந்திருக்கலாம், அல்லது புல்லிகள் ஒரே நேரில் இல்லை. சத்தம் கூடினால் பெல்ற் தளர்ந்திருக்கிறது. பிறகு எஞ்சினை நிறுத்தி, இரண்டு புல்லிகளுக்கு நடுவில் பெருவிரலால் அழுத்துங்கள். சுமார் 10 மில்லிமீற்றர் அமிழலாம். அதற்கு மேலென்றால் அல்டனேட்டரைப் பிடித்திருக்கும் ஆணிகளைத் தளர்த்தி, சரிசெய்யும் ஆணியைத் திருகி, மறுபடி பூட்டவேண்டும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பம்பின் பெயரிங் போகும்.

பிந்திய கார்கள் பலவற்றில் இந்த வேலையை ஸ்பிரிங் ரென்சனர் செய்கிறது. அதைத் திருகிச் சரிசெய்ய முடியாது. பெல்ற்றைக் கழற்றி அதன் புல்லியைக் கையால் சுற்றுங்கள். கரகரத்தால், ஆடினால், மாற்றத்தான் வேண்டும்.

ஏற்றத்தில் பற்றரி விளக்கு எரிந்து வெப்பமுள்ளும் ஏறினால் உடனே ஒதுக்கி நிறுத்துங்கள். ரேடியேற்றர் மூடியை ஆறும்வரை தொடவேண்டாம்.