சி டிரைவில் இருந்த ஊர்

“ஃபார்மேட் அடிச்சுடலாம் சார், எல்லாம் சரியாயிடும்.”

2007 மே மாதம், பாலக்கோட்டில், பள்ளியில் எனக்குத் தமிழ் நடத்திய ஆசிரியரின் வீட்டில் உட்கார்ந்து நான் சொன்ன வாக்கியம் இது. இன்ஜினியரிங் முதல் வருஷம் முடித்து லீவுக்கு வந்திருந்தேன். ஊரில் கம்ப்யூட்டர் படிக்கிற பையன் என்றால் போதும், யார் வீட்டில் எது ஓடாவிட்டாலும் கூப்பிட்டு விடுவார்கள். சாருடையது 2001-இல் வாங்கிய அசெம்பிள்டு பென்டியம் த்ரீ. 20 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 98. ஆன் செய்தால் டெஸ்க்டாப் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

“அதுல நம்ம ஃபைல் கொஞ்சம் இருக்குது தம்பி” என்றார்.

“டி டிரைவ்ல தானே சார் இருக்கும்? அது ஒண்ணும் ஆகாது” என்றேன்.

அந்த மெஷினில் டி டிரைவே இல்லை. டி என்று இருந்தது சிடி டிரைவ். நான் அதைப் பார்க்கவில்லை. எக்ஸ்பி சிடியைப் போட்டேன். எஃப் 8 அழுத்தி ஒப்பந்தத்தை ஏற்றேன், டி அழுத்தி பார்ட்டிஷனை அழித்தேன், எல் அழுத்தி உறுதி செய்தேன். நிஜமாகவே அழிக்கவா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டது. எல்லாப் பையன்களையும் போல நானும் படிக்காமலே அழுத்தினேன்.

போனது என்னவென்று சார் மறுநாள்தான் சொன்னார். ஓய்வுக்குப் பிறகு ஆறு வருஷம் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, பஞ்சப்பள்ளி, வெள்ளிச்சந்தை என்று சுற்றி, கொல்லைகளின் பெயர்களைச் சேகரித்திருந்தார். ஊர்ப் பெயர் இல்லை, ஒவ்வொரு நிலத்துக்கும் அங்கே உழுகிறவர்கள் வைத்திருக்கும் பெயர். எங்கள் பக்கம் ஊர்கள் ‘அள்ளி’ என்று முடியும். கன்னட ‘ஹள்ளி’தான் அது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் கேட்கிற பகுதி. கொல்லைப் பெயர்களிலும் மூன்று மொழிகளும் கலந்து கிடக்கும். நோட்டில் எழுதி வந்ததையெல்லாம் டைப் அடித்து முடித்ததும், கம்ப்யூட்டரில் ஏத்தியாச்சே என்று நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள்.

திட்டவில்லை. “சரி விடு தம்பி” என்றார். திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

*

பார்ட்டிஷன் என்ற சொல்லுக்கு நம் ஊரில் வேறு அர்த்தமே தேவையில்லை, பாகப்பிரிவினைதான். கம்ப்யூட்டரிலும் அது அப்படித்தான் ஆரம்பித்தது.

1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கு ஒரே எஜமானர், பங்கு கேட்க யாருமில்லை. பங்கு கேட்பவர்கள் வந்தது 1983 மார்ச்சில். ஐபிஎம் தன் பிசி எக்ஸ்டி மாடலை 10 எம்பி ஹார்ட் டிஸ்க்குடன் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூடவே வந்த டாஸ் 2.0-இல் எஃப்டிஸ்க் என்ற சிறிய புரோகிராம் இருந்தது. அப்போது டாஸ் தவிர சிபி/எம்-86, ஜீனிக்ஸ் என்று வேறு ஆபரேட்டிங் சிஸ்டம்களும் களத்தில் இருந்தன. ஒரே டிஸ்க்கில் இவை சண்டையில்லாமல் இருக்க எல்லை போட வேண்டியிருந்தது.

அந்த எல்லை டிஸ்க்கின் முதல் செக்டாரில் எழுதப்பட்டது. ஒரு செக்டார் என்பது 512 பைட். அதில் 446 பைட் கம்ப்யூட்டரைக் கிளப்புகிற கட்டளைகளுக்கு, 64 பைட் பாக அட்டவணைக்கு, கடைசி 2 பைட் முத்திரைக்கு. அட்டவணையில் நான்கே வரிகள், வரிக்கு 16 பைட். எந்தப் பாகம், எந்த வகை, எங்கே தொடங்குகிறது, எத்தனை செக்டார் நீளம், எதிலிருந்து கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். டிஸ்க்கில் வேலியோ வரப்போ எதுவும் கிடையாது. இந்த நான்கு வரிகள் சொல்வதால் மட்டுமே அங்கே எல்லை இருக்கிறது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு எங்கள் மாவட்டத்தின் வரலாறுதான் ஞாபகம் வந்தது. பாலக்கோடு உள்ளிட்ட பாராமகால், 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, தருமபுரியில் தங்கியிருந்தவர். அவர்கள் நிலத்தை அளந்து, ஒவ்வொரு துண்டுக்கும் வரி நிர்ணயித்து, உழுகிறவர் பெயரில் நேராகப் பதிந்தார்கள். பின்னாளில் மதராஸ் மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறையின் தொடக்கம் இங்கேதான். அதுவரை ஒரு கொல்லையை அடையாளம் காட்டியது அதன் பெயரும், பக்கத்துக் கொல்லைக்காரரின் சாட்சியும். அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவேடும் எண்ணும் அந்த இடத்துக்கு வந்தன. இன்று சிட்டாவில் சர்வே எண் இருக்கும், உட்பிரிவு இருக்கும், பரப்பு இருக்கும். கொல்லையின் பெயர் இருக்காது. சார் சேகரித்தது அந்தப் பதிவேட்டில் விட்டுப்போனவற்றை.

*

நான் ஏன் டி டிரைவ் இருக்கும் என்று நினைத்தேன்? இருப்பதுதான் நம் வழக்கம்.

அந்த வழக்கம் முதலில் கட்டாயத்தால் வந்தது. டாஸ் பயன்படுத்திய ஃபேட் 16 முறையில் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல் போக முடியாது. 4 ஜிபி டிஸ்க் வாங்கினால் வெட்டித்தான் ஆக வேண்டும். 1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்போடு ஃபேட் 32 வந்ததும் அந்தக் கட்டாயம் போயிற்று. விண்டோஸ் 98-இன் எஃப்டிஸ்க், பெரிய டிஸ்க்குக்கான ஆதரவு வேண்டுமா என்று ஆரம்பத்திலேயே கேட்கும். ‘ஒய்’ அழுத்தினால் முழு டிஸ்க்கும் ஒரே சி டிரைவ். (அந்த எஃப்டிஸ்க்குக்கே 64 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. 80 ஜிபி டிஸ்க்கைக் கொடுத்தால் 64-ஐக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும். புது டிஸ்க் வாங்கியவர்கள் ஏமாந்துவிட்டோம் என்று கடைக்கு ஓடியிருப்பார்கள்.)

கட்டாயம் போன பிறகும் வெட்டும் பழக்கம் போகவில்லை. காரணம், ஃபார்மேட். வைரஸ் வரும், கரண்ட் போய் போய் வரும், சிஸ்டம் படுத்துவிடும். ஆறு மாசத்துக்கு ஒரு முறை சி டிரைவை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி ஆகிவிட்டது. அழிக்கிற இடத்தில் சொந்தச் சாமான் வைக்கக் கூடாதே? அதனால் சி விண்டோஸுக்கு, டி நமக்கு. டியில் கல்யாண போட்டோ, இ-யில் பாட்டு, எஃப்-இல் படம். பல ஆபரேட்டிங் சிஸ்டம்கள் ஒரே டிஸ்க்கில் இருக்கப் பிறந்த ஏற்பாடு, எங்கள் ஊர்களில் ஒரே ஆபரேட்டிங் சிஸ்டத்திடமிருந்து நம் பொருளைக் காப்பாற்றும் பெட்டகமாக மாறியது. டி இல்லாத வீடுகளில் ஒவ்வொரு ஃபார்மேட்டும் ஒரு வெள்ளம்தான்.

ஆனால் வெள்ளம் என்பது சரியான உவமை இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஃபைல்கள் டிஸ்க்கில் துண்டு துண்டாகக் கிடக்கும். எந்தத் துண்டுக்கு அடுத்து எந்தத் துண்டு என்று ஒரு அட்டவணை சொல்லும். ஃபேட் என்ற பெயரே அந்த அட்டவணையைக் குறிப்பதுதான். 1977-இல் மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்ட் எழுதியது. ஃபார்மேட் செய்யும்போது இந்த அட்டவணையும் பெயர்ப் பட்டியலும் காலியாகும். திரையில் சதவீதம் மெதுவாக ஏறுமே, அப்போது ஒவ்வொரு ஃபைலாக அழிகிறது என்று நினைத்திருந்தேன். இல்லை. விண்டோஸ் 98-இலும் எக்ஸ்பியிலும் அது, கெட்டுப்போன செக்டார் இருக்கிறதா என்று படித்துப் பார்க்கிற நேரம். எக்ஸ்பியில் நான் தேர்ந்தெடுத்த ‘குயிக்’ அதையும் செய்யாது. முழு ஃபார்மேட்டில் டிஸ்க் முழுக்கச் சுழியம் எழுதும் வழக்கம் விஸ்டாவில்தான் வந்தது.

தாலுகா ஆபீஸ் எரிந்தால் கொல்லை எங்கும் போய்விடாது. யாருடையது என்று காட்ட முடியாது, அவ்வளவே. ஆனால் அடுத்து வருகிறவர் அதைப் புறம்போக்கு என்று நினைத்து வீடு கட்டிவிடுவார். அப்போதுதான் உண்மையிலேயே போகும்.

1999 ஏப்ரல் 26 அன்று இதை உலகமே பார்த்தது. தைவான் மாணவர் ஒருவர் எழுதிய சிஐஎச் வைரஸ் அன்று விழித்து, ஹார்ட் டிஸ்க்கின் முதல் 1 எம்பியைச் சுழியமாக்கியது. முதல் செக்டார் போனதும் பாக அட்டவணை போயிற்று. பல கம்ப்யூட்டர்களில் மதர்போர்டின் பயாஸும் போயிற்று. எல்லாம் முடிந்தது என்று பலர் அன்றே புதிதாக ஃபார்மேட் அடித்தார்கள். ஃபேட் அட்டவணைக்கு டிஸ்க்கிலேயே இரண்டாவது நகல் ஒன்று உண்டு. பெரிய டிஸ்க்குகளில் அது அந்த 1 எம்பிக்கு அப்பால் பத்திரமாக இருந்தது. பொறுத்திருந்தவர்களில் பலருக்கு ஃபைல்கள் திரும்பின.

*

பொறுமையால் அல்ல, அதிர்ஷ்டத்தால் எங்களுக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது. நான் எக்ஸ்பி ஏற்றிய சில மாதங்களில் சாரின் கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் போய்ப் பரணுக்கு ஏறிவிட்டது. அதாவது வீடு கட்டியவர் சீக்கிரம் காலி செய்துவிட்டார்.

வேலைக்குப் போய்ப் பல வருஷம் கழித்து ஒரு பொங்கலுக்கு அந்த டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வந்தேன். அகலமான ரிப்பன் கேபிள் போடும் 40 பின் ஐடிஇ டிஸ்க். யுஎஸ்பி அடாப்டரில் மாட்டியதும் சுற்றத் தொடங்கியது. இந்த முறை அவசரப்படவில்லை. பழைய டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதக் கூடாது என்பது முதல் விதி. டிடிரெஸ்க்யூ கொண்டு செக்டார் செக்டாராக முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக நகலெடுத்தேன். பிறகு எல்லாத் தேடலும் அந்த நகலில்தான்.

அட்டவணையை மீட்க முடியவில்லை, அதன் மேல் எக்ஸ்பியின் என்டிஎஃப்எஸ் உட்கார்ந்திருந்தது. மிச்சமிருந்த வழி ஃபோட்டோரெக். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் புரோகிராம். அது அட்டவணையைத் தேடாது, நிலத்திலேயே நடந்து பார்க்கும். பழைய வேர்ட் ஃபைல் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சில பைட்டுகளோடு தொடங்கும். அதைக் கண்ட இடத்தில் தோண்டி எடுக்கும். ஒரு இரவு முழுக்க ஓடியது. காலையில் ஃபோல்டர் நிறைய வேர்ட் ஃபைல்கள். பெயர்கள் மட்டும் இல்லை, எல்லாம் செக்டார் எண்கள். பெயர் இருந்த பட்டியல் அழிந்ததால் இடத்தின் எண்தான் ஃபைலின் பெயர். சர்வே எண் மாதிரியே.

ஒன்றைத் திறந்தேன். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஏதோ இருந்தது. கெட்டுவிட்டது என்று அடுத்ததைத் திறந்தேன். அதுவும் அப்படியே. பத்தாவது ஃபைலில், திரும்பத் திரும்ப வந்த ஒரு தொடர் கண்ணில் பட்டது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி ஃபான்ட்டில் ‘அம்மா’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது அதுதான்.

இது மூன்றாவது பதிவேடு. அந்தக் காலத்துத் தமிழ் ஃபைல்களில் பெரும்பாலானவற்றில் தமிழே கிடையாது, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருந்தது. எந்த எழுத்துக்கு எந்த வடிவம் என்பது ஃபான்ட்டுக்கு ஃபான்ட் மாறும். அதைச் சீராக்க டிஸ்கி வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்’99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியீடுகள் வந்தன. யூனிகோடில் தமிழுக்கு 1991-இலேயே இடம் இருந்தது, விண்டோஸ் 2000 அதைக் காட்டவும் செய்தது. ஆனால் நம் வீடுகளில் ஓடியது விண்டோஸ் 98. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். அதற்குள் அச்சகங்களிலும் டிடிபி சென்டர்களிலும் வீடுகளிலும் ஒரு தலைமுறை எழுதியது ஃபான்ட்டோடு கட்டப்பட்டுக் கிடந்தது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைக் குறியீடு மாற மாற மாற்றிக்கொண்டே வந்ததால் அவை இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. தனி ஆட்களின் ஃபைல்களுக்கு அப்படி மாற்ற யாரும் இருக்கவில்லை. டிஸ்க் தப்பினாலும் ஃபான்ட் போனால் எழுத்து போயிற்று.

பாமினி பரவலாகப் புழங்கியது எங்கள் அதிர்ஷ்டம். நூற்றுச் சொச்சம் வரிகளில் ஒரு மாற்று அட்டவணை எழுதினேன். ஓடவிட்டதும் திரையில் தமிழ் வந்தது. சாரின் வாக்கியங்கள், சாரின் ஒற்றுப்பிழையே இல்லாத தமிழ்.

முழுதாக வரவில்லை. துண்டு துண்டாகக் கிடந்த பெரிய ஃபைல்களில் முதல் துண்டுக்குப் பின் வேறு எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஊரின் பட்டியல் பாதியில் நின்று, கல்யாணப் பத்திரிகை ஒன்று தொடங்கியது. ஆனால் சார் ஒவ்வொரு முறை சேமித்தபோதும் பழைய பதிப்புகள் டிஸ்க்கில் அங்கங்கே தங்கியிருந்தன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சேர்த்ததில் பெரும்பகுதி தேறியது. இரண்டு ஊர்கள் கிடைக்கவே இல்லை. எக்ஸ்பி தன் ஃபைல்களை அந்த இடத்தில்தான் வைத்திருக்க வேண்டும்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். சாருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டு முதல் பக்கத்தை நெடுநேரம் படித்தார். பேனா கேட்டார். மன்னிப்பு கேட்க நான் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்ததைச் சொல்ல வாய்ப்பே தரவில்லை.

“இது தப்பு. அந்தக் கொல்லை ஏரிக்குக் கிழக்கால. மேற்கால இல்ல” என்று திருத்தினார். நான்கு பக்கம் திருத்திய பிறகு, கிடைக்காத இரண்டு ஊர்களைப் பற்றிச் சொன்னேன்.

“அந்தப் பேரைச் சொன்னவங்க யாரும் இப்ப இல்ல தம்பி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அவங்க பசங்க இருப்பாங்க. போய்க் கேட்டுப் பாக்கலாம்.”

“சாப்பிட்டுப் போ சாமி” என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார்கள்.

அந்த ஃபைல் இப்போது யூனிகோடில் இருக்கிறது. என்னிடம் ஒன்று, சாரின் பேத்தியிடம் ஒன்று, பிரிண்ட் எடுத்து இரண்டு. அடுத்த மாதம் அந்த இரண்டு ஊர்களுக்கும் போவதாக இருக்கிறோம். இந்த முறை நோட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.